மேல்வீட்டுத் தடிச்சத்தம்

டொக், டொக், டொக்.

தலைக்கு மேல் தடியால் தரையை இடிக்கும் அந்தச் சத்தம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் காதை விட்டுப் போகவில்லை.

நாங்கள் அப்போது இருந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபித்தால் சிறை என்றிருந்த காலம். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாட்டை முணுமுணுப்பாகத்தான் பாடுவோம். அதற்கே மேலேயிருந்து இடி விழும்.

மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஜெயிலர். படியில் எதிர்ப்பட்டால் சிரிக்கக்கூட மாட்டார்.

ஒரு ஞாயிறு அவர் இடித்ததும் பாட்டை நிறுத்தினோம். நிறுத்திய பிறகும் இடித்தார்.

"வாயை மூடினாலும் விடமாட்டேங்கறானே மனுஷன்," என்றார் மாமனார்.

"ஜெபம் பண்ணினார்னு பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைப் பிடிச்சுட்டுப் போனாங்க, இன்னும் வரல. இத்தோட நிறுத்திக்கலாம்ப்பா," என்றார் என் கணவர்.

போதகர் எழுந்தார். "நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"நீங்க உக்காருங்க ஐயா," என்றார் மாமியார். தையல்காரி, கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "அவங்க தேடறதே உங்களைத்தான். ஆடு தானா போய்க் கசாப்புக் கடையில நிக்கணுமா? நான் போறேன்."

"போய் என்னன்னு சொல்லுவ?" மாமனார் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுவேன்."

"உன் வாய் எல்லாரையும் உள்ள தள்ளிடும்."

"உங்க பேரைச் சொல்லமாட்டேன். நீங்க எங்க பாடினீங்க, வெறும் வாயைத்தானே அசைச்சீங்க."

நானும் பின்னாலேயே போனேன். படியேறும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்த ஜெயிலரின் கையில் தடி இருந்தது.

"கீழ ஜெபம்தான் நடக்குது. எனக்குப் பொய் சொல்ல வராது. பிடிச்சுக் கொடுக்கணும்னா என்னைக் கொடுங்க. பாடினது நான்தான்," என்றார் மாமியார்.

"நீங்கதானா அது. சுருதியே சேரல," என்றார் அவர். "உள்ள வாங்க."

உள்ளே கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையில் விரிப்புப் போட்டிருந்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அவர் மனைவி, காதைத் தரையில் பதித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமையானா இப்படித்தான் படுப்பா. நீங்க நிறுத்தினா அழறா. சத்தமா பாடுங்கன்னு எத்தனை வாரமா இடிக்கறேன், ஒருத்தருக்கும் புரியலையே. நான் கீழ இறங்கி வந்தா நீங்க வீட்டையே காலி பண்ணிட்டு ஓடிடுவீங்க."

மாமியார் கீழே உட்கார்ந்து, அந்த அம்மாளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுருதி சேராமலே பாடினார்.

அடுத்த ஞாயிறு முதல் கூட்டம் மாடியில் நடந்தது. அந்த அம்மாள் காலமான பிறகும் அங்கேதான்.

ஒருநாள் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். "என் வீடு. கூட்டினவன் நான்," என்று ஜெயிலர் எங்களுக்கு முன்னால் போய் நின்றார். தான் அதிகாரியாக இருந்த அதே சிறையில் ஒரு வருஷம் கைதியாக இருந்துவிட்டு வந்து, ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்.