முதல் ஷாட்

படத்தின் கதையை இடைவேளை வரை சொல்லிவிட்டாள்.

எதிரே இருந்த தயாரிப்பாளர் ஒருமுறைகூடக் கைப்பேசியைத் தொடவில்லை. அதுவே அவளுக்குப் புதிது.

அவள் மகனைவிட இளையவர். வளசரவாக்கத்தில் ஒரு மாடிவீட்டை அலுவலகமாக்கியிருந்தார். இன்னும் ஒரு படமும் எடுத்ததில்லை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு. பதிவுத்துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படம் இயக்க வந்தவள்.

அவள் வந்தபோது வாசலில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். "ஹீரோயினோட அம்மாங்களா? உள்ள ஏசில உக்காருங்கம்மா."

கதை சொல்ல வந்திருப்பதாகச் சொன்னாள்.

"பையன் வரலையா?"

"நான்தான் டைரக்டர்."

"ஓ." அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இப்படி வெளியவே இருங்க."

இப்போது தயாரிப்பாளர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"மார்ச்சுவரில துணியை விலக்குறாங்கன்னு சொன்னீங்க. மாமியார், கொழுந்தன், போலீஸ், எல்லாரும் அவ வாயையே பாக்குறாங்க. அவ, இது என் புருஷன் இல்லைங்கறா. ஆனா அது அவன்தான்?"

"அவன்தான் சார்."

"ஐயோ. மேல சொல்லுங்க மேடம்."

சொன்னாள்.

இந்தத் தொழிலில் எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. வாயால் சொல்ல வேண்டும். மழை பெய்தால் மழையாக, அழுதால் அழுகையாக. இதற்கு முன் ஒரு நடிகரின் மேனேஜருக்குச் சொன்னாள். அவருடைய மேக்கப்மேனுக்குச் சொன்னாள். விமான நிலையம் போய்க்கொண்டிருந்த ஒருவருக்குக் காரின் முன்னிருக்கையிலிருந்து கழுத்தைத் திருப்பியபடியே சொன்னாள்.

சீரியலுக்கு எழுதலாமே என்றார்கள். கதையை மட்டும் கொடுங்கள், இயக்க நல்ல பையன் இருக்கிறான் என்றார்கள். பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் காட்சி போயிற்று.

ஒருவர் கொட்டாவி விட்டார். கதையிலிருந்த மகள் பிறக்காமலே போனாள்.

கதையில் வந்த ஒரு கான்ஸ்டபிளுக்கு யாரோ சிரித்தார்கள். அவருக்கு இன்னும் இரண்டு காட்சிகள் வந்தன.

ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வாள். "எனக்குச் சொல்றீங்களா, சாமிக்குச் சொல்றீங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன்பின் கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகினாள். எந்தச் சொல்லில் புருவம் உயரும், எவ்வளவு மௌனத்தை முகம் தாங்கும் என்று தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் பாதியில் அந்தப் பெண் விதவையாகவில்லை. காணாமல் போனவனின் மனைவியாக வாழ்கிறாள். பூ வைத்துக்கொள்கிறாள். ஊர் பார்க்கத் தினமும் முதல் பஸ்ஸுக்குப் போய் நிற்கிறாள். ஒருநாள் பஸ் வருகிறது. உண்மையிலேயே அவன் இறங்கிவிடுவானோ என்று பயந்து திரும்பி ஓடுகிறாள்.

"அவ்ளோதான் சார்."

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணையும்.

"நாம பண்றோம் மேடம்."

அவள் அசையாமல் இருந்தாள்.

"நீங்கதான் டைரக்ட் பண்றீங்க. வேற யாரும் தொடக் கூடாது."

இந்த வாக்கியம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எவ்வளவு காலம் யோசித்து வைத்திருந்தாள். யாருக்கு முதலில் சொல்வது என்று. எங்கே உட்கார்ந்து அழுவது என்றுகூட.

"சும்மா ஒரு ஆசைக்குக் கேக்குறேன். ஃபர்ஸ்ட் ஷாட் என்ன வச்சிருக்கீங்க?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"விடியக்காலை சார். ஈரமான ரோடு. பஸ் படிக்கட்டுல இருந்து ஒரு கால் இறங்குது."

"செம. யார் கால்? வெறுங்காலா?"

அவர் சோதிக்கவில்லை. குழந்தை மாதிரி கேட்டார்.

அவள் மனக்கண்ணில் அந்தக் காலைத் தேடினாள்.

விடியக்காலை. ஈரமான ரோடு. சொற்கள் ஒழுங்காக வந்து நின்றன. தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அவற்றின் பின்னால் போய்ப் பார்த்தாள்.

பஸ் என்ன நிறம்?

அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் இருந்தது. இடது கன்னத்தில் ஏதோ ஒன்று, வெளிச்சம் விழும்போது மட்டும் தெரியும். அதற்காகவே இவள் பதிவுத்துறை வேலையை விட்டாள். என்ன அது?

பிணவறைக்கு ஓடினாள். அங்கே துணி விலகியது. இவ்வளவு காலமும் அந்த நொடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அங்கே கிடந்தவனை அல்ல. எதிரே உட்கார்ந்திருந்தவரை.

அங்கே யாரும் கிடக்கவில்லை.

தயாரிப்பாளர் காத்திருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தோணுது சார்?" என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"செருப்பு அறுந்திருக்கு மேடம். ஒரு காலைத் தேச்சுத் தேச்சு நடக்குறான். இறங்குறவன் யாருன்னு நமக்குக் காட்டல. அவ மட்டும் பாக்குறா. அவன் பின்னாடியே கொஞ்ச தூரம் போறா. அப்புறம், இவன் இல்லைன்னு..."

அவர் குரல் தாழ்ந்தது. அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் அவள் தோளுக்கு மேலாக, மெல்ல நடந்துபோகும் யாரையோ தொடர்ந்துகொண்டிருந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சுவர்தான் இருந்தது.