கோபம் வராத வில்லன்

"இவனா வில்லன்? பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிக்கிறான்!"

கண்ணை மூடிய வி.ஆர். கருவியைக் கழற்றாமலேயே முதலாளி கத்தினார். வீடியோ கேம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவர் குரல் லிஃப்ட் வரைக்கும் கேட்கும்.

"கோபம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? உன்னையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தா?"

இரண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்தபடியே கையை நீட்டினார், காற்றில் குத்தினார், தலையைச் சிலுப்பிக்கொண்டு முன்னே பாய்ந்தார். அந்த வில்லனை வடிவமைத்த பெண் நின்றது அவருக்கு இடப்பக்கம். அவர் திட்டித் தீர்த்தது காலி நாற்காலியை.

"நாளைக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

மறுநாள் கருவியை மாட்டியவர் ஓரடி பின்வாங்கினார். வில்லன் அவர் மூக்குக்கு நேரே கையை நீட்டினான், குத்தினான், தலையைச் சிலுப்பிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தான்.

"அடேயப்பா! பார்த்தாலே ஓங்கி ஒண்ணு வைக்கணும்போல இருக்கே. எந்தக் கடங்காரனைப் பார்த்துச் செஞ்ச?"

"நான் ஒண்ணுமே செய்யல சார். நேத்து இதை மாட்டிக்கிட்டு என்னைத் திட்டினப்ப, உங்க அசைவு மொத்தமும் பதிவாயிடுச்சு. அதை அப்படியே அவனுக்குப் போட்டுட்டேன்."