ஆறு எலிக்கு மட்டும் கிரீம் பிஸ்கட்

“நானா? கூண்டுக்குள்ள பிஸ்கட் போட்டது நானா? எனக்கே வெறும் டீதான் சார் ஓடுது! எலிக்கு கிரீம் பிஸ்கட் வாங்குவேனா?”

ஆராய்ச்சி மாணவி கத்தின கத்துல கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. ‘பட்டாசு’ன்னு அவளுக்குச் சும்மாவா பேர் வச்சாங்க?

விஷயம் இதுதான். சினையா இருக்கிற எலி பன்னெண்டு. ஆறுக்கு, கண்ணுக்கே தெரியாத நானோ வெள்ளித்தூள் கலந்த தண்ணி. மீதி ஆறுக்கு வெறும் தண்ணி. வயித்துக் குட்டிக்குத் தூள் கெடுதல் பண்ணுதான்னு பார்க்கணும். எதுக்கு எதுங்கிறது அவளோட கைடு சாருக்கு மட்டும்தான் தெரியும்; அதை எழுதி ஒரு கவர்ல போட்டு ஒட்டி வச்சிருக்காரு. அவரே கலந்து, பாட்டில்ல கூண்டு நம்பர் ஒட்டிக் குடுப்பாரு. நம்பர் பார்த்து ஊத்துறதும் எடை போடுறதும் பட்டாசு வேலை.

இப்போ பார்த்தா, ஆறு எலி மட்டும் பூசணிக்கா மாதிரி உருளுது. கூண்டுல பிஸ்கட் தூள். மூணு வருஷ உழைப்பு போச்சு. பட்டாசை வெளிய அனுப்பத்தான் சார் கூட்டமே போட்டிருந்தாரு.

“என்ன சார் கேட்டீங்க, எலி மேல இளகின மனசா? எனக்கா? இங்க யாரையாவது கேளுங்க!”

பின்வரிசை மொத்தமும் ‘சத்தியமா இல்ல’ன்னு தலையாட்டுச்சு.

“பார்த்தீங்களா? ‘எலிக்குப் பேர் வைக்காதே, பாசம் ஒட்டிக்கும்’னீங்க. வச்சேனா? சும்மா பழி போடாதீங்க! அக்கா, நீங்க சொல்லுங்க. பிஸ்கட் தூள் எந்தெந்தக் கூண்டுல?”

கூண்டு கழுவுற அக்கா நோட்டைப் பிரிச்சாங்க. “ரெண்டு, அஞ்சு, ஆறு, ஒம்போது, பதினொண்ணு, பன்னெண்டு. தினமும் இதே ஆறுதான். கிரீமை நக்கிட்டு பிஸ்கட்டைத் தள்ளி விட்டுடும்மா. அவ்வளவு கொழுப்பு!”

“சார், ஒட்டி வச்சிருக்கிற அந்தக் கவரைப் பிரிங்க. வெள்ளி குடிச்ச ஆறு எது?”

சார் தண்ணி குடிச்சாரு. கண்ணாடியைத் துடைச்சாரு. பட்டாசு பொறுக்கல. கவரைப் பிடுங்கிப் பிரிச்சு, சத்தமா வாசிச்சா.

“ரெண்டு. அஞ்சு. ஆறு. ஒம்போது. பதினொண்ணு. பன்னெண்டு.”

பின்வரிசை மொத்தமும் சார் பக்கம் திரும்புச்சு.

அக்கா மோவாயில கை வச்சாங்க. “அட, அதானா! தினம் காலையில எலி ரூமுக்குள்ள குரல் கேக்கும். ‘மன்னிச்சிடு தங்கம், உனக்குப் போய் அதைக் குடுத்துட்டேனே, இதையாவது தின்னு’ன்னு. சார் வீட்டம்மாகிட்ட போன்ல பேசுறாருன்னுல்ல நினைச்சேன்!”

சார் கை அவசரமா கோட்டுப் பையைப் பொத்துச்சு. உள்ள ஏதோ மொறுக்குன்னு நொறுங்குச்சு.

பட்டாசு கையைக் கட்டிக்கிட்டா.

“எல்லார் முன்னாடியும்தானே என்னைக் கேட்டீங்க? இப்போ எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க சார். இளகின மனசு யாருக்கு?”