முத்திரை போட்ட பெட்டி

"முத்திரை போட்ட பெட்டி அது. கை வச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

ஒமுர்பெக் போட்ட கத்தலில் விமான நிலையச் சரக்குக் கிடங்கே திரும்பிப் பார்த்தது.

பாதுகாப்பு அதிகாரி கெரெஸ் மட்டும் நிமிரவில்லை. கத்தியால் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கீகாரம் வாங்கினவன்மா. என் பெட்டியைப் பிரிக்காம ஏத்தணும்ங்கிறது உங்க சட்டம்தானே?"

"சட்டம்தான் அண்ணே. ஆனா காலையில போன் வந்திருக்கு. உங்க சரக்குல செருப்போட வேற என்னமோ இருக்குதாம்."

"எந்த நாய் போன் பண்ணிச்சு?"

"எடுத்தது நான் இல்ல, எங்க பெரிய அதிகாரி. அவர் பிரிக்கச் சொன்னார், பிரிக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றான். மதிய விமானத்தில் சரக்கு ஏறாவிட்டால் அதை வாங்கும் ஜெர்மன்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வான். பட்டறையில் கம்பளி அடிக்கும் பெண்களுக்கு இந்தக் குளிர்காலமே அதை நம்பித்தான். பெட்டியில் ஏதாவது அகப்பட்டால் இன்னும் மோசம். அங்கீகாரமே பறிபோகும். அதற்கப்புறம் அவன் பெட்டிகள் சோதனை வரிசையில் கிடந்து நாறும். எந்த வியாபாரி காத்திருப்பான்?

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஷெய்ஷென்.

காலையிலிருந்து ஓயாமல் கூப்பிடுகிறான். ஒமுர்பெக்தான் எடுக்கவில்லை. இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

பொறி தட்டியது.

ஷெய்ஷென் அடுத்த பட்டறைக்காரன். அவனும் இதே கம்பளிச் செருப்புதான் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தான். போன வருஷம், அவன் கிடங்கின் பின்கதவு பூட்டில்லாமல் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விமான நிலையத்துக்கு யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்தார்கள். அவன் அங்கீகாரம் போயிற்று. இப்போது டோர்டோய் சந்தையில் ஒரு கன்டெய்னர் கடையில் ஜோடி ஜோடியாக விற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்த 'யாரோ', ஒமுர்பெக்.

'சொன்னது பொய்யா? பூட்டு இல்லாததுதானே நிஜம்?' என்று தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான். ஒருமுறையும் ஒட்டவில்லை.

ஷெய்ஷென் அதைத் தெரிந்துகொண்டுவிட்டான் போலிருக்கிறது. பழி தீர்க்கிறான்!

போனை எடுத்தான்.

"ஒமுர்பெக், வச்சிராதே, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"நீ என்னடா சொல்றது, காட்டிக் கொடுக்கிற பயலே! கோபம் இருந்தா நேர்ல வந்து சட்டையைப் பிடிச்சிருக்கணும். ஒளிஞ்சு நின்னு போன் பண்றவனெல்லாம் ஒரு மனுஷனா? த்தூ!"

சொல்லும்போதே தான் செய்த போன் நினைவுக்கு வந்தது. அதற்காகவே இன்னும் உரக்கக் கத்தினான். எதிர்முனையில் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணே, இது என்ன?"

கெரெஸ் ஒரு செருப்புக்குள்ளிருந்து பூப்போட்ட துணிமூட்டையை உருவினாள். உள்ளே உருண்டை உருண்டையாக, வெள்ளையாக ஏதோ. பக்கத்தில் நின்ற காவலர் இரண்டடி பின்வாங்கினார்.

அவள் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தாள். "குருத்!"

உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகள். கட்டியிருந்தது, அவன் மனைவி புருலின் தலைத்துணி.

வீட்டுக்குப் போன் போட்டான்.

"பெட்டியில என்னடி வச்ச?"

"நம்ம பொண்ணு மீரிமுக்குக் கொஞ்சம் குருத். மசக்கையில நாக்கு கேக்குதுன்னு அழுதா புள்ள. ஜெர்மனியில நம்ம செருப்பு போற கடையிலதானே வேலை பாக்குறா, எடுத்துப்பா. ஊர்லேருந்து யார் கிளம்பினாலும் ஒரு பொட்டலம் குடுத்து விடறதுதானே?"

"கிளம்பினது ஆள் இல்லடி, பெட்டி! யார்கிட்ட சொன்ன இதை?"

"ஷெய்ஷென் பெஞ்சாதிகிட்ட. நேத்து சாயங்காலம். நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா நாங்களும் வாயை மூடிக்கணுமா?"

அவ்வளவுதான். ஒமுர்பெக் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தைக்குப் போய் ஷெய்ஷென் கழுத்தை நெரிக்க வேண்டும்.

பெரிய அதிகாரி படியிறங்கி வந்தார். மூட்டையைப் பார்த்தார். ஓர் உருண்டையை எடுத்து மோந்து பார்த்துத் திரும்ப வைத்தார்.

"இதுதானா? மூட்டையை அவர்கிட்ட குடுத்துட்டு, பெட்டிங்களைச் சோதனை பண்ணி புது முத்திரை போடும்மா. மதிய விமானத்துல ஏறட்டும்."

ஒமுர்பெக் பெட்டியை விட்டு எழுந்தான். "என் அங்கீகாரம்?"

"அதுக்கென்ன? வேற எவனாவது சொல்லி நாங்க பிடிச்சிருந்தா இன்னிக்கே போயிருக்கும். சரக்குக்காரரே முன்வந்து சொல்லிட்டா, பொருளை எடுத்துட்டு எச்சரிக்கையோட விடறதுதான் விதி."

"நான்... சொன்னேனா?"

"பின்னே? 'நான் ஒமுர்பெக் பேசறேன், வீட்டுல விவரம் தெரியாம ஒரு பொட்டலம் வச்சுட்டாங்க, விமானம் ஏறுறதுக்குள்ள எடுத்துருங்க'ன்னு காலையில அப்படிக் கெஞ்சினீங்களே! சந்தையிலேருந்து பேசினீங்களா என்ன? ஒரே இரைச்சல்."

ஒமுர்பெக் கையிலிருந்த போனையே பார்த்தான்.

அதிகாரி அவன் தோளைத் தட்டினார்.

"அடுத்தவன் தப்பைப் பேர் சொல்லாம சொல்றவங்கதான் இங்க அதிகம். போன வருஷம்கூட ஒருத்தன் சொன்னான். பேரைச் சொல்லித் தன் தப்பைச் சொன்ன மனுஷன் நீங்க ஒருத்தர்தான். கையைக் குடுங்க!"