குடை தேடிய ஆமை

கார்ட்டூன் தொடர்களில் கதை நகராத பாகங்களை இயந்திரம் கண்டுபிடித்துக் கொடுக்கும். பார்த்து அழிப்பது பூங்கோதையின் வேலை. இன்று மட்டும் முந்நூறு பாகங்களை அழித்துவிட்டு, கண் எரிய வீடு திரும்பினாள். இப்போதெல்லாம் எந்தத் தொடரும் ஒன்பது பாகங்களைத் தாண்டுவதில்லை.

மகள் தேன்நிலா டிவி முன்னால் தோசை தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, யானையைக் காப்பாத்தப் போய் ஆமை செத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் சட்னி வேணும்."

சின்ன வயதில் இதே காட்சிக்குப் பூங்கோதை இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறாள்.

"உனக்கு அழுகை வரலையாடி?"

"அது யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா."

பூங்கோதை சட்னிக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அலுப்பில் வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும், அதே தொடரில் தான் எப்போதோ அழித்த பாகம் ஒன்றைச் சொன்னாள். அடை மழையில் ஆமை தன் குடையைக் காணோமென்று ஊரெல்லாம் தேடுகிறது. முதுகில் ஓடு இருப்பதே அதற்கு மறந்துபோகிறது. கடைசிவரை குடை கிடைக்கவில்லை, வேறொன்றும் நடக்கவில்லை.

தேன்நிலா புரையேறும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்த ஆமையாம்மா செத்துப்போச்சு?"