உள்ளங்கைச் சிவப்பு

பச்சைக் குழந்தைகளுக்கு ஊசி குத்த நரம்பு தேடும்போது, நர்ஸ் எமல்டா உள்ளங்கைக்கு அடியில் சின்ன டார்ச்சை வைப்பாள். உள்ளே நுழைந்த வெளிச்சத்துக்கு நேர்வழி கிடைக்காது. சதைக்குள் முட்டி மோதித் திசைகெட்டு அலைந்து, கை முழுவதையும் சிவக்க வைக்கும். நரம்புகள் மட்டும் கருங்கோடுகளாய்த் தெரியும்.

அன்று மதியம், உயிர் போன பிள்ளையைத் துணியில் சுற்றித் தாய் முத்தாரத்திடம் கொடுத்தாள். அவள் அழவில்லை.

"அந்த லைட்ட ஒருதடவ வைங்க சிஸ்டர்."

எமல்டா டார்ச்சைப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அடியில் வைத்தாள். குளிர்ந்த கை நேற்றைப் போலவே சிவந்தது.

"பாத்தீங்களா," என்று முத்தாரம் அந்தக் கையைப் பொத்திக்கொண்டாள். "அணைச்சிராதீங்க."

சிவப்பு தாயின் விரல்களுக்குள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. எமல்டாவின் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. பிள்ளையின் கை எங்கே முடிகிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.