சர்க்கரை போடாத காபி

காலையில் ரூத்துக்குக் கொடுத்த காபியில் வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை.

ஒரு மடக்கு குடித்தாள். என்னைப் பார்த்தாள். மீதியையும் குடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக்கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் சபைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இப்போது மேடையில், பிரசங்கம் செய்ய வந்திருக்கும் அந்தக் கிரேக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் என் மைக்.

என் மைக்தான். சவுக்குத் தோப்புக்கு நடுவில் தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து, இந்தச் சபைக்கு எந்த வெளிநாட்டுப் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னது நான். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குக் கல்கோயிலைச் சுற்றிக்காட்டிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். அதை ரூத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். வளர்த்த கடா மார்பில் பாய்கிறது.

"இன்னா அண்ணாத்த, அண்ணி செமையா பேசிகினு கீறாங்க!" பக்கத்து நாற்காலி தாவீது முழங்கையால் இடித்தான்.

கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டிவைத்தேன்.

மொழிபெயர்க்கிறவர் பிரசங்கியாருக்கு நிழலாக இருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கையை உயர்த்தினால் இவரும் உயர்த்த வேண்டும். அவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கிரேக்கர் நெஞ்சில் கை வைத்தார். ரூத்தும் வைத்தாள்.

ஆள் ஆறடி. சுருட்டை முடி வேறு.

இங்கிலீஷில்தான் பேசினார். 'லவ்' என்கிற ஒரு வார்த்தையைப் பற்றித்தான் அன்றைய பிரசங்கம் முழுக்க. ஐ லவ் காபி. ஐ லவ் மை டாக். ஐ லவ் மை வைஃப். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரனிடம் ஒரே சொல்தான் இருக்கிறது, பாவம் என்றார்.

"எனக்குக் காபின்னா உயிர்" என்றாள் ரூத். "எங்க வூட்டு நாய் எனக்குச் செல்லம். என் மனைவி மேல எனக்கு அவ்ளோ இஷ்டம்."

'என் மனைவி' என்று அவள் வாயால் கேட்டதும் சபையே சிரித்தது.

நானாக இருந்தால் மூன்றுக்கும் 'அன்புகூருகிறேன்' என்றுதான் சொல்லியிருப்பேன். காபியினிடத்தில் அன்புகூருகிறேன். எத்தனையோ வருஷம் அப்படித்தான் சொன்னேன். ஒருவரும் சிரித்ததில்லை.

எங்கள் கிரேக்கத்தில் இதற்கு நாலு சொல் உண்டு என்றார் அவர்.

ஸ்தோர்கே என்றார். "பெத்த பாசம்" என்றாள். பிலியாவுக்குச் சிநேகம். அகாப்பேவுக்குத் திருப்பி எதையும் எதிர்பார்க்காத அன்பு. கொஞ்சமும் திணறவில்லை.

கடைசியாக ஈரோஸ் என்றார். நானாக இருந்தால் இருமிவிட்டுத் தாண்டியிருப்பேன்.

"காதல்" என்றாள்.

மேடையில், மைக்கில். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறாள். எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் போகவில்லை. கிரேக்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்று சொல்லி இவள் வேறொன்று சொன்னால் போதும். அந்த ஒரு தப்பைப் பிடித்துவிட்டால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

எல்லோரையும் ஜெபத்துக்குக் கண்களை மூடச் சொன்னார். மூடினார்கள். நான் மூடவில்லை.

"கோ ஹோம் அண்ட் சே இட்" என்று முடித்தார். மைக்கை இறக்கிவிட்டுத் தானும் கண்களை மூடிக்கொண்டார்.

"வூட்டுக்குப் போய் அத்தச் சொல்லுங்க" என்றாள் ரூத்.

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் மைக்கை இறக்கவில்லை.

"சில பேருக்கு ஆபரேஷன்ல குரலையே எடுத்துட்டாங்க. அவங்களால வாயத் தொறந்து சொல்ல முடியாது. காலைல போட்டுக் குடுக்கற காபியிலதான் சொல்லுவாங்க. அதுல சர்க்கர இல்லன்னாலும் நமக்குக் கேக்கும்."

ஆமென் என்றது சபை. கடல் காற்றில் ஜன்னல் திரை ஒருமுறை படபடத்தது.

கண்ணைத் திறந்த தாவீது என் பக்கம் சாய்ந்தான். "உன் வெசயம் அந்த வெள்ளக்காரருக்கு எப்டி அண்ணாத்த தெரியும்?"

நான் கழுத்துத் துண்டைத் தொட்டுக்கொண்டேன்.

கிரேக்கர் அப்போது வாயைத் திறக்கவே இல்லை என்பது, பொறாமையில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.